வெள்ளைப் புடவையும் திம்மராயன் மானிட்டரும்

ஒரு மானிட்டரை வெச்சுக்கிட்டு இவ்வளவு அவஸ்தைப்படணும்னு எவனாவது முன்னாடியே சொல்லியிருந்தா, நான் பேசாம மாவு மிஷின் போட்டுப் பொழச்சிருப்பேன். மாவுல வெள்ளை வெள்ளையாத்தான் இருக்கும். வார்ம், கூல்னு எவனும் வந்து நிக்க மாட்டான்.

ஓசூர்ல பாகலூர் ரோட்டு மேல மாடியில எனக்கு ஒரு சின்னக் கடை. கல்யாண ஆல்பம் டிசைன் பண்றது எங்க வேலை. போட்டோ எடுக்கறவங்க படத்தைக் கொண்டாந்து குடுப்பாங்க. நாங்க முகம் கழுவி, கலர் சரி பண்ணி, பக்கம் பக்கமா அடுக்கி, பெங்களூருல இருக்கற லேபுக்கு அனுப்புவோம். அச்சாகி அட்டை போட்டு வரும். என் பேரு அற்புதமேரி. ஆனா கடைக்கு வர்றவங்க யாரும் என்னைத் தேடி வர்றதில்ல. "திம்மராயன் இருக்காராங்க?"ன்னு கேட்டுக்கிட்டேதான் படி ஏறுவாங்க. வாடகை குடுக்கறவ நான், பேரு வாங்கறவன் அவன்.

திம்மராயனுக்கு ஊரு தேன்கனிக்கோட்டைக்கு அந்தாண்ட. காட்டை ஒட்டின ராகிக் கொல்லை. கதிர் முத்தற நேரத்துல யானை எறங்கிடும். அப்பா, அண்ணன் எல்லாரும் தகரத்தைத் தட்டிக்கிட்டுக் காவல் கெடப்பாங்க. இவன் ஒரு வருசம் கெடந்து பாத்துட்டு, "யானைக்கு வெளைய வெக்க நான் எதுக்கு?"ன்னு பஸ் ஏறி ஓசூர் வந்துட்டான். வண்டிக்குப் பாகம் செய்யற கம்பெனி ஒண்ணுல பெயின்ட் அடிக்கற பக்கம் காண்ட்ராக்ட் வேலை. அங்க மூச்சுக்கு ஒத்துக்கல. அப்புறம் ஒரு ஸ்டுடியோவுல கூட்டிப் பெருக்கப் போயி, கம்ப்யூட்டரைத் தொட்டுப் பாத்து, தானாவே எல்லாத்தையும் கத்துக்கிட்டான். கோவம் வந்தா கன்னடத்துல திட்டுவான், அவங்கம்மாகிட்ட போன்ல தெலுங்குல கொஞ்சுவான், என்கிட்ட மட்டும் தமிழ்ல எதிர்த்துப் பேசுவான்.

கை மட்டும் தங்கம். அதை நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். குரூப் போட்டோவுல மாமனார் கண்ணை மூடியிருந்தாருன்னா, இன்னொரு போட்டோவுல இருந்து அவரு கண்ணைக் கொண்டாந்து தொறந்து வெச்சுடுவான். மாமனாருக்கே தெரியாது. ஆனா அவனுக்கு ஒரு புத்தி இருக்கு பாருங்க, அதை நெனச்சா இப்பவும் எனக்கு உச்சந்தலை கொதிக்கும்.

மானிட்டர்ல கலர் டெம்பரேச்சர்னு ஒரு செட்டிங் இருக்கு. திரை முழுக்க மஞ்சளடிச்ச மாதிரி தெரியணுமா, நீலமடிச்ச மாதிரி தெரியணுமான்னு அதுலதான் வெக்கணும். வார்ம்னா மஞ்சள், கூல்னா நீலம். நடுவுல ஆறாயிரத்து ஐநூறுன்னு ஒரு நம்பர். அந்த நம்பர்ல வெச்சாத்தான் நாம திரையில பாக்கறதும் லேப்ல அச்சாகி வர்றதும் ஒத்துப்போகும்னு பெங்களூருக்காரங்க படிச்சுப் படிச்சு சொல்லியிருக்காங்க. இதுல இன்னொரு கூத்து. நம்பர் ஏறினா சூடு ஏறணும்தானே? இங்க நம்பர் ஏறினா நீலமாகி அதுக்குப் பேரு குளிர்ச்சியாம். எறங்கினா சூடாம். எவன் கண்டுபிடிச்சானோ, அவன் வீட்டுல அடுப்பு எரியுமான்னு தெரியல.

சரி, நம்பரைச் சொல்லிட்டாங்க, வெச்சுட்டு வேலையைப் பாக்க வேண்டியதுதானே? திம்மராயன் பாக்க மாட்டான்.

மத்திகிரிப் பக்கம் ஒரு கல்யாணம். எங்க கிறிஸ்தவ ஆளுங்கதான், மாதா கோயில்ல நடந்தது. ஆல்பம் அச்சாகி வந்து பொண்ணோட அம்மா கையில குடுத்தேன். பொரட்டிப் பாத்த அம்மா முகம் போன போக்கைப் பாக்கணுமே! "ஏம்மா, எம்பொண்ணு கல்யாணத்தன்னிக்கு ஐஸ் பெட்டியிலயா கெடந்தா?"ன்னு கேட்டுட்டாங்க. வாங்கிப் பாத்தா, சத்தியமா அப்படித்தான் இருந்துச்சு. பொண்ணு, மாப்பிள்ளை, ஃபாதர் எல்லாருக்கும் முகத்துல நீலம் பாரிச்சுக் கெடக்கு. அந்த ஆல்பத்தை மறுபடி அச்சடிச்சுக் குடுத்தும் அந்தம்மா இன்னிக்கு வரைக்கும் பூசையில என்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க.

திம்மராயனைக் கூப்புட்டேன். மொதல்ல ஒண்ணுமே தெரியாதவன் மாதிரி நின்னான். மானிட்டரைத் தட்டிப் பாத்தா வார்ம்ல கெடக்கு.

"யாருடா இதை மாத்தினது?"

"நான்தான்க்கா."

"எதுக்கு?"

"கல்யாணப் பொண்ணை வெள்ளையில பாக்க எனக்கு மனசு வரலக்கா"ன்னான்.

எனக்கு மண்டையில ஏறவே இல்ல. அப்புறம் மெல்ல மெல்லச் சொன்னான். அவங்க அக்கா சின்ன வயசுலயே புருசனைப் பறிகொடுத்தவ. அன்னியிலேர்ந்து வீட்டுல வெள்ளைதான் உடுத்திக்கிட்டுத் திரியறா. இவன் முன்னாடி கிறிஸ்தவப் பொண்ணுங்க வெள்ளைப் புடவையில, கையில பூச்செண்டோட சிரிச்சா, இவனுக்கு அக்கா ஞாபகம் வந்து நெஞ்சைப் பெசையுதாம். மானிட்டரை வார்ம்ல வெச்சா புடவை சந்தனமாத் தெரியுதாம். அப்பத்தான் கை ஓடுதாம். ஆனா வார்ம்ல முகமும் சேந்து மஞ்சளாத் தெரியுமில்ல? அந்த மஞ்சளை எடுக்கறேன்னு நீலத்தை அள்ளிப் போட்டிருக்கான். திரையில மகாலட்சுமி மாதிரி தெரிஞ்சது, அச்சுல பொணமாட்டம் வந்துடுச்சு.

"டேய், எங்களுக்கு வெள்ளைதான்டா மங்கலம்! நானும் வெள்ளையில நின்னு தாலி வாங்கினவதான். என் வீட்டுக்காரரு கல்லு மாதிரி இருக்காரு, போயிப் பாரு!"

"உங்களுக்குச் சரிக்கா. பாக்கறது என் கண்ணுல்ல?"

இதுக்கு என்னத்தச் சொல்றது? அவங்க அக்காவை நெனச்சா பாவமாத்தான் இருந்துச்சு. அதுக்காக ஊருல இருக்கற பொண்ணுங்களை எல்லாம் ஐஸ் பெட்டியில வெக்க முடியுமா? மானிட்டரை ஆறாயிரத்து ஐநூறுல வெச்சு, பட்டன் மேல பேக்கிங் டேப்பைச் சுத்தி ஒட்டினேன். பய டேப்பைத் தொடல. கம்ப்யூட்டருக்குள்ளயே திரையை மஞ்சளாக்கற நைட் லைட்னு ஒண்ணு இருக்காமே, பட்டப்பகல்ல அதைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான்! அதையும் புடிச்சேன். அன்னிக்கு நான் போட்ட சத்தத்துல கீழ மெடிக்கல்காரரே மேல வந்து எட்டிப் பாத்தாரு. கடைசியில அவங்க ஊரு பேட்டராயசாமி மேல சத்தியம் வாங்கினேன். இனிமே செட்டிங்கைத் தொட மாட்டேன், கிறிஸ்தவக் கல்யாணம்னா புடவை வெள்ளையாத்தான் அச்சுல வரும்னு சொன்னான். சொன்னா செய்யறவன். அதான் வினையாப் போச்சு.

லிபியான்னு ஒரு பொண்ணு. கெலவரப்பள்ளி டேம் பக்கம் வீடு, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒண்ணுல ஷிப்டு வேலை. அவ கல்யாணப் படம் எங்ககிட்ட வந்துச்சு. நான் போன்ல லேப்காரனோட மல்லுக்கு நின்னுக்கிட்டு இருந்தேன், வேற ஒரு ஆல்பத்துக்கு அட்டையை மாத்திப் போட்டுட்டான். அந்த நேரம் பாத்து திம்மராயன் திரும்பிப் பாக்கறான்.

"அக்கா, இந்தப் பொண்ணு புடவை மஞ்சளாத் தெரியுது. செட்டிங் நீங்க வெச்ச மாதிரியேதான் இருக்கு, நான் தொடல."

"கோயில் கல்யாணம்தானேடா? வெள்ளையாத்தான் இருக்கும். வெள்ளையாக்கு!"

"ஓரத்துல கறை மாதிரி கூட..."

"எடுத்துத் தொலை!"

எடுத்துத் தொலைச்சுட்டான். மடிப்புக் கோட்டை எடுத்தான், கறையை எடுத்தான், மஞ்சளை வேரோட புடுங்கினான். அக்காவை நெனச்சு நெஞ்சைப் பெசைய, பெசைய, அந்தப் புடவையைத் தும்பைப் பூ மாதிரி ஆக்கி வெச்சான். முடிச்சுட்டு எழுந்து போயித் தண்ணி குடிச்சுட்டு வந்தான். அவன் பட்ட பாட்டைப் பாத்து எனக்கே பாராட்டணும்னு தோணி, "இப்படித்தான்டா இருக்கணும்"னு வேற சொல்லித் தொலைச்சேன்.

அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல அனுப்பிப் பொண்ணுகிட்ட சம்மதம் வாங்குவோம். லிபியா பாத்துட்டு, "சூப்பர்க்கா, ஓகே"ன்னு போட்டா. போட்டாளா இல்லையா? என் போன்ல இன்னும் இருக்கு.

ஆல்பம் வந்துச்சு. லிபியா வந்தா. அவங்கப்பா சூசை வண்டியை நிறுத்த எடமில்லாம கீழயே நின்னாரு. இவ மட்டும் மேல வந்து, சிரிச்சுக்கிட்டே அட்டையைத் தடவிப் பாத்துட்டுத் தொறந்தா. ரெண்டு பக்கம் பொரட்டினா. சிரிப்பு அப்படியே நின்னு போச்சு.

"இது எங்கம்மா புடவை இல்லக்கா."

"உங்கம்மா புடவைன்னு யாரும்மா சொன்னா? உன் கல்யாணப் புடவை."

"அம்மா கல்யாணப் புடவையைத்தான்க்கா நான் கட்டினேன்."

அப்புறம்தான் வெவரம் வந்துச்சு. அவங்கம்மா பிலோமினா, இவ கைக்குழந்தையா இருக்கும்போதே காய்ச்சல்ல போயிட்டாங்க. அவங்க கல்யாணத்துக்குப் போட்டோகாரரு வந்து எடுத்தாரு. ஆனா ஃபிலிம் ரோலு மேல வெளிச்சம் பட்டு ஒரு படம் கூட தேறல. அம்மா கல்யாணத்துக்குச் சாட்சின்னு இருந்தது அந்தப் புடவை ஒண்ணுதான். பெட்டியில கெடந்து கெடந்து பழுத்த மஞ்சளாப் போச்சு. ஓரத்துல காப்பிக் கறை. அந்தக் காப்பி அம்மா கையால கொட்டினதுன்னு சித்தி சொல்லுவாங்களாம். துவைக்கக் கூட விடாம, அந்தக் கறையோடயே கட்டிக்கிட்டு கோயிலுக்குப் போயிருக்கா இவ.

"அந்தப் புடவையைக் கொண்டா கண்ணு. அதைப் பக்கத்துல வெச்சு அதே கலரு கொண்டாந்துடறோம்"னேன்.

"மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டதுக்கா. கல்யாணம் முடிஞ்சு குடுத்துட்டோம். வெட்டி மாதா சிலைக்கு உடுப்பு தெச்சுட்டாங்க. மாதா கூண்டுல நீல லைட்டுப் போட்டிருக்காங்க, அதுல பாத்தா என்ன கலர்னே தெரியல." இதைச் சொல்லும்போதே அவளுக்குக் கண்ணு தளும்பிடுச்சு. "இனிமே அந்தப் புடவை இந்த ஆல்பத்துல மட்டும்தான்க்கா இருக்கும். அதுல போயி அம்மாவையே தொடச்சு எடுத்துட்டீங்களே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கோவமும் பொத்துக்கிட்டு வந்துச்சு. "நீதானேம்மா பாத்துட்டு ஓகேன்னு போட்டே?"

"என் போன்ல மஞ்சளாத்தான்க்கா இருந்துச்சு!" போனை நீட்டினா. வாங்கிப் பாத்தா மஞ்சளாத்தான் இருக்கு. எனக்கே தலை சுத்துச்சு. திம்மராயன் எட்டிப் பாத்துட்டு மெதுவா, "கண்ணு வலிக்காம இருக்க மஞ்சள் மோட் போட்டிருக்காங்கக்கா"ன்னான். ராத்திரி ஷிப்டு முடிச்சு வந்து போன் பாத்தா கண்ணு எரியுதுன்னு எப்பவும் அதுலயே வெச்சிருக்காளாம். அதை எடுத்துட்டுக் காட்டினான். தும்பைப் பூ.

ஆக, இவன் மானிட்டர் மஞ்சளா இருந்தப்ப ஒருத்தி பொணமானா. மானிட்டர் ஒழுங்கானப்ப இவ போன் மஞ்சளாயிடுச்சு. இந்த ஊருல ஒரு கண்ணாடியாவது உள்ளதை உள்ளபடி காட்டுதான்னு எனக்கு வாய்விட்டுக் கத்தணும் போல இருந்துச்சு.

நல்ல வேளை, கேமராவுல எடுத்த படம் அப்படியே இருந்துச்சு. ஆல்பத்தைக் கையில ஒப்படைக்கற வரைக்கும் அழிக்கக் கூடாதுன்னு அது ஒண்ணுலயாவது நான் கறாரா இருக்கேன். திம்மராயன் தொறந்தான். பழைய புடவை வந்துச்சு, மடிப்பு வந்துச்சு, கறையும் வந்துச்சு. லிபியா திரைக்குப் பக்கத்துல போயி அந்தக் கறையை விரலால தொட்டா. அப்பாடான்னு நான் உக்காந்தேன்.

"இவ்வளவு மஞ்சளா இல்லையேக்கா"ன்னா.

மறுபடி எழுந்தேன். கோயில்ல ஒரு பக்கம் பழைய குண்டு பல்பு, ஒரு பக்கம் டியூப் லைட்டு. பீடத்துக்கிட்ட நின்ன படத்துல ஒரு மஞ்சள், வாசல்ல நின்ன படத்துல வேற மஞ்சள். எது நெசம்? திம்மராயன் கொறைச்சான். "இன்னும் கொஞ்சம் இருந்துச்சுண்ணா." ஏத்தினான். "இது சந்தனமாயிடுச்சு." வெயில்ல எடுத்த படத்தைத் தொறந்தான். "இது வெளுத்துடுச்சு." எனக்கு வந்த ஆத்திரத்துல டேப்பைப் பிச்சுட்டு, மானிட்டரையே மாத்திக் காட்டுடான்னு நானே சொன்னேன். வார்ம் வெச்சான், கூல் வெச்சான், திரும்ப நடுவுல வெச்சான். ஒவ்வொண்ணுக்கும் லிபியா கண்ணைச் சுருக்கிப் பாத்தா. கடைசியில நாற்காலியில சாஞ்சுட்டா.

"எனக்கே தெரியலக்கா. இத்தனை வருசம் பெட்டியைத் தொறந்து தொறந்து பாத்த புடவை. இப்ப எந்த மஞ்சள்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல."

அவ அழல. அழுதிருந்தாக் கூட தேவலாம்னு இருந்துச்சு எனக்கு. திம்மராயன் மௌஸ்ல இருந்து கையை எடுத்துட்டு உக்காந்திருந்தான். அதைப் பாக்கத்தான் எனக்கு இன்னும் எரிச்சலா இருந்துச்சு.

"அப்பாவைக் கூப்புடும்மா. பொண்டாட்டி கட்டின புடவை அவருக்குத் தெரியாமலா இருக்கும்?"னேன்.

சூசை மேல வந்தாரு. மெலிஞ்ச மனுசன், கையில ஹெல்மெட்டு. கம்பெனியில ஃபிட்டரா இருந்து ரிட்டயர்டானவரு. உள்ள வந்து, "என்னா கண்ணு, இவ்ளோ நேரம்?"னாரு. நான்தான் திரையைக் காட்டி, "ஐயா, இந்தப் புடவை நெசத்துல என்ன மஞ்சள்னு நீங்கதான் சொல்லணும்"னேன்.

அவரு திரையைப் பாக்கவே இல்ல. மேசை மேல ஆல்பம் தொறந்து கெடந்துச்சு. கோயில் வாசல்ல லிபியா தனியா நிக்கற படம், பக்கம் முழுக்க. தும்பைப் பூவாட்டம் புடவை. சூசை ஹெல்மெட்டைக் கீழ வெச்சாரு. குனிஞ்சு பாத்தாரு. ரொம்ப நேரம் நிமிரல. லிபியா அவங்கம்மா சாயல்னு எனக்கு அப்பத் தெரியாது.

"இதை யாரு செஞ்சது?"னு கேட்டாரு.

போச்சுடா, அடி விழப்போகுதுன்னு நெனச்சேன். திம்மராயன் எழுந்து நின்னு, "நான்தாங்க. தப்பாப் போச்சுங்க. திரும்ப அடிச்சுக் குடுத்துடறேங்க"ன்னான்.

"நீ பிலோமினாவைப் பாத்திருக்கியா தம்பி?"

"இல்லீங்களே."

"இப்படித்தான் நின்னா. இதே மாதிரி, வாசல்ல." விரலை வெச்சுத் தடவினாரு. "அந்த ரோலு போனதுலேர்ந்து நானும் கண்ணை மூடி மூடிப் பாக்கறேன், முகம் வந்தா புடவை வராது, புடவை வந்தா முகம் வராது. நீ ரெண்டையும் ஒண்ணா வெச்சிருக்க."

லிபியா எழுந்து வந்து அவரு தோளைத் தொட்டா. "அப்பா, அம்மா புடவை மஞ்சளா இருந்துச்சுல்ல? அந்த மஞ்சளுக்கு மாத்தச் சொல்லியிருக்கேன்பா. எந்த மஞ்சள்னுதான் உங்களைக் கேக்கறாங்க."

சூசை தலையைத் தூக்கி அவளைப் பாத்தாரு. பொய் சொல்ற முகம் இல்ல அது. நெசமாவே புரியாத முகம்.

"மஞ்சளா? அந்தப் புடவை எப்ப கண்ணு மஞ்சளாச்சு? உன் கல்யாணத்தன்னிக்குக் கூட வெள்ளையாத்தானே இருந்துச்சு!"

கீழ ரோட்டுல கம்பெனி பஸ் ஒண்ணு ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போச்சு. லிபியா திரையில இருந்த கறையை ஒரு வாட்டி பாத்தா, அப்பா தடவின ஆல்பத்தைப் பாத்தா. அப்புறம் அவரு கையைப் புடிச்சுக்கிட்டா.

"ஆமாப்பா. வெள்ளைதான்."